9 லட்ச ரூபாய் டைவ் வாட்ச்: கருவியா, நகையா, முதலீடா?



தங்கம், எஃப்.டி., டேர்ம் இன்ஷூரன்ஸ்னு வழக்கமா பேசுற நம்ம பக்கத்துல இன்னிக்கு வாட்ச். சும்மா ஒரு மாறுதலுக்காக இல்லை. வருமான வரி ஃபைலிங் சீசன்ல என் ஆபீஸுக்கு வர்ற முப்பது வயசுக்காரங்க கேக்குற கேள்விகள்ல "சார், ஒரு சப்மரைனர் வாங்கி லாக்கர்ல வெச்சா விலை ஏறிக்கிட்டே போகுமாமே?" என்பதும் இப்போ சேர்ந்திருக்கு. இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. அந்தப் பொருள் என்ன, எதுக்காக உருவாச்சு, அதுக்குள்ள உண்மையிலேயே என்ன இருக்குன்னு தெரிஞ்சாதான் விலையைப் பத்திப் பேச முடியும். அதனால முதல்ல தண்ணிக்குள்ள இறங்குவோம், பிறகு கணக்குக்கு வருவோம்.

1943-ல் பிரான்ஸில் ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் சேர்ந்து அக்வாலங் என்ற கருவியை உருவாக்கினாங்க. முதுகுல சிலிண்டர், வாயில குழாய். மேலே இருந்து காற்றை பம்ப் பண்ண ஆள் தேவையில்லை, மீன் மாதிரி சுத்தலாம். ஆனா சிலிண்டர்ல இருக்கிற காற்றுக்கு ஒரு அளவு உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து நைட்ரஜன். ஆழத்துல அழுத்தம் கூடும்போது நைட்ரஜன் ரத்தத்துலயும் தசையிலயும் கரையும். அளவுக்கு மேல கரைஞ்சபிறகு சட்டுனு மேல வந்தா, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டு வலியில இருந்து பக்கவாதம் வரைக்கும், ஏன், உயிரே போகலாம். அதனால எந்த ஆழத்துல எத்தனை நிமிஷம் இருக்கலாம்னு அட்டவணை போட்டு வெச்சிருந்தாங்க. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணைப்படி 60 அடி ஆழத்துல 60 நிமிஷம், 100 அடி ஆழத்துல வெறும் 25 நிமிஷம். அதுக்கு மேல இருந்தா, வழியில நிறுத்தி நிறுத்தித்தான் மேல வரணும்.

ஆக, தண்ணிக்கு அடியில மணி என்னங்கிறது யாருக்கும் வேண்டாம். இறங்கி எத்தனை நிமிஷம் ஆச்சு, அது மட்டும் தெரியணும். டைவ் வாட்ச் டிசைனின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

1950-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் போர் நீச்சல் வீரர்கள் படைக்கு பாப் மலூபியே, குளோட் ரிஃபோ என்ற இரண்டு அதிகாரிகள் இப்படி ஒரு கடிகாரம் தேடினாங்க. கருப்பு டயல், பெரிய எழுத்து, இருட்டுல ஒளிரும் முள், வெளியே சுழலும் வளையம் என்று அவங்க தேவை தெளிவா இருந்தது. அதே நேரத்துல சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனத்தை நடத்திய ஜான் ஜாக் ஃபிஷ்டேர் தானே ஒரு டைவர். அவரும் இதே திசையில வேலை பார்த்துக்கிட்டிருந்தார். இரண்டும் சேர்ந்து 1953-ல் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' பிறந்தது. 50 ஃபேதம் என்பது சுமார் 91 மீட்டர். அதே 1953-ல் ரோலெக்ஸ் சப்மரைனர் உருவாகி, அடுத்த வருஷம் பாசெல் கண்காட்சியில் காட்டப்பட்டது. 1957-ல் ஒமேகா சீமாஸ்டர் 300, 1965-ல் ஜப்பானிலிருந்து சீகோவின் 150 மீட்டர் டைவர்னு வரிசையா வந்தது. இன்னிக்கு நீங்க கடையில பாக்குற எல்லா டைவ் வாட்ச்சும் இந்த நாலு பேரோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்கதான். எழுபது வருஷத்துல முகம் பெருசா மாறவே இல்லை.

வளையத்துல இருக்கிற புத்திசாலித்தனம்

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்தச் சுழலும் வளையம், அதாவது பெசல். இறங்கும்போது அதுல இருக்கிற முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேரா வெச்சிடுவாங்க. பிறகு நிமிஷ முள் வளையத்துல எந்த எண்ணைக் காட்டுதோ அதுதான் உள்ள இருந்த நேரம். கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம். ஆழத்துல மூளை மந்தமாகும்போது இது பெரிய உதவி.

இந்த வளையம் ஒரு பக்கமா, கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்த்திசையில மட்டும்தான் திரும்பும். ஏன்? பாறையில இடிச்சு வளையம் தானா நகர்ந்துச்சுன்னு வெச்சுக்குங்க. எதிர்த்திசையில நகர்ந்தா முக்கோணம் பின்னால போகும். 20 நிமிஷம் ஆனது 25 நிமிஷம்னு காட்டும். டைவர் அஞ்சு நிமிஷம் முன்னாடியே மேல வந்துடுவார். நஷ்டம் அவ்வளவுதான். மற்ற திசையிலயும் நகர முடிஞ்சா, 25 நிமிஷம் ஆனதை 20-ன்னு காட்டி ஆளைக் காலி பண்ணிடும். ஆரம்ப கால வாட்ச்கள்ல இரண்டு பக்கமும் திரும்புற வளையங்கள் இருந்தது. பிற்பாடு ஒரு பக்கத்தோட நின்னது. கணக்குப் பதிவுல நாங்க சொல்ற 'கன்சர்வேட்டிசம்' கொள்கை மாதிரிதான் இது: தப்பு நடந்தே தீரும்னா, அது பாதுகாப்பான பக்கத்துல நடக்கட்டும்.

மற்ற விஷயங்களும் இதே புத்திதான். மணி முள்ளைவிட நிமிஷ முள் பெருசா இருக்கும். 12 மணி இடத்துல மட்டும் முக்கோணமோ இரட்டைக் கோடோ இருக்கும், இருட்டுல தலைகீழாப் பார்த்துடக் கூடாதுன்னு. வினாடி முள்ளுல ஒரு ஒளிப்புள்ளி இருக்கும், வாட்ச் ஓடுதா நின்னுடுச்சான்னு தெரியணுமே! அந்த ஒளிக்கு அந்தக் காலத்துல கதிரியக்க ரேடியம் பூசினாங்க. பிறகு ட்ரிடியம் வந்தது. 1990-களுக்குப் பிறகு, வெளிச்சத்தை வாங்கி வெச்சுக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கிற, கதிரியக்கம் இல்லாத பூச்சு வந்துடுச்சு.

இதையெல்லாம் ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தரநிலை எழுத்துல வெச்சிருக்கு. குறைஞ்சது 100 மீட்டர் தாங்கணும். சொன்ன ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்துல சோதிக்கணும், அதுவும் சாம்பிள் எடுத்து இல்லை, ஒவ்வொரு வாட்ச்சையும். இருட்டுல 25 சென்டிமீட்டர் தூரத்துல படிக்க முடியணும். உப்புத் தண்ணி, அதிர்ச்சி, காந்தம் எல்லாத்துக்கும் தனித்தனி பரீட்சை. சாதாரண வாட்ச்ல '30 மீட்டர்'னு போட்டிருக்கும் பாருங்க, அது இந்தப் பரீட்சை எழுதினது இல்லை. கை கழுவினா, மழையில நனைஞ்சா பிழைக்கும், அவ்வளவுதான். 'தண்ணியில கையை வேகமா வீசினா அழுத்தம் பல மடங்கு ஏறிடும், அதனாலதான்' என்று ஒரு விளக்கம் எல்லா இடத்துலயும் சுத்துது. பிளஸ் டூ இயற்பியல் போட்டுப் பார்த்தா, வினாடிக்கு 5 மீட்டர் வேகத்துல கை போனாலும் கூடுறது ஒன்றேகால் மீட்டர் ஆழத்து அழுத்தம்தான். உண்மையான எதிரி உள்ளே இருக்கிற ரப்பர் கேஸ்கெட். வியர்வை, சோப்பு, வெந்நீர், வயசு எல்லாம் சேர்ந்து அதைக் கெட்டியாக்கிடும். 300 மீட்டர்னு டயல்ல எழுதியிருந்தாலும், எட்டு வருஷமாத் திறந்தே பாக்காத வாட்ச்சோட நீச்சல் குளத்துல குதிக்காதீங்க.

சரி, இப்போ யாருக்கு இது வேணும்?

நேர்மையாச் சொன்னா, டைவருக்கே வேண்டாம். 1980-கள்ல டைவ் கம்ப்யூட்டர் வந்துடுச்சு. ஆழம், நேரம், நைட்ரஜன் கணக்கு, எவ்வளவு வேகத்துல மேல வர்றோம் எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும். அந்தமான்ல ஸ்கூபா போன நண்பர்களைக் கேளுங்க, பயிற்சியாளர் கையில அதுதான் இருக்கும். முதல் நிலை சான்றிதழ் வாங்கினவருக்கு அனுமதி 18 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் உச்ச வரம்பே 40 மீட்டர். 300 மீட்டர் வாட்ச் கட்டிக்கிட்டு 18 மீட்டர் போறது, குடும்ப கார்ல 400 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் மீட்டர் வெச்ச கதை.

ஹீலியம் வால்வு இன்னும் ஒரு படி மேல. வாரக்கணக்கா அழுத்த அறைக்குள்ளேயே தங்கி எண்ணெய்க் கிணறு வேலை பாக்குற டைவர்கள் ஹீலியம் கலந்த காற்றை சுவாசிப்பாங்க. அந்தப் பொடி அணுக்கள் வாட்ச்சுக்குள்ள நுழைஞ்சுடும். அறையில அழுத்தத்தைக் குறைக்கும்போது உள்ள மாட்டின ஹீலியம் கண்ணாடியையே பெயர்த்துத் தள்ளிடும். அதை வெளியேற்றத்தான் 1960-களின் கடைசியில ரோலெக்ஸ் சீ-டுவெல்லர், டாக்ஸா போன்ற வாட்ச்கள்ல வால்வு வந்தது. சீகோக்காரங்க வேற மாதிரி யோசிச்சாங்க: 1975-ல் வந்த 600 மீட்டர் வாட்ச்ல, ஹீலியத்தை வெளியேத்துறதுக்குப் பதிலா நுழையவே விடாத கேஸ்கெட் போட்டாங்க. எனக்கு இந்த யோசனைதான் உசத்தியாத் தெரியுது. இன்னிக்கு ஒமேகா டைவர் 300-ல 10 மணி பக்கம் துருத்திக்கிட்டு நிக்கிற அந்தத் திருகு ஹீலியம் வால்வுதான். அதை வாங்குறவங்கள்ல அழுத்த அறைக்குள்ள தூங்கினவங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு நீங்களே யூகிச்சுக்குங்க.

நேரம் காட்டுற விஷயத்துலயும் இதே கதைதான். ரோலெக்ஸ் தன் வாட்ச்களுக்குச் சொல்ற துல்லியம் நாளைக்கு கூடவோ குறையவோ 2 வினாடி. மெக்கானிக்கல் வாட்ச்சுக்கு இது அபாரம். வினாடிக்கு எட்டு தடவை ஆடுற ஒரு சின்னச் சக்கரம், பேட்டரி இல்லாம, வெறும் கை அசைவுல முறுக்கேறும் சுருள்வில்லை நம்பி இந்தத் துல்லியத்தைத் தருது. ஆனா ஓசூர்ல தயாராகிற டைட்டன் குவார்ட்ஸ் சில ஆயிரம் ரூபாய்ல இதைவிடச் சரியா நேரம் காட்டும். கழட்டி மூணு நாள் வெச்சாலும் நிக்காது. சப்மரைனர் 70 மணி நேரத்துல நின்னுடும்.

அப்போ தினசரி உபயோகத்துக்கு இது வீணா? இல்லைங்க, இங்கேதான் ஒரு வேடிக்கை. கடலுக்காக யோசிச்ச எல்லாமே கரையில நல்லா வேலை செய்யுது. திருகி மூடுற கிரவுன் இருக்கிறதால சென்னை வியர்வை, மழை எதுவும் உள்ளே போகாது. முகம் தெளிவு, பைக் ஓட்டும்போது ஒரு பார்வையில மணி தெரியும். செராமிக் வளையத்துல கீறல் விழாது. வெயில்ல கை லேசா வீங்கும்போது டூல் எதுவும் இல்லாம சங்கிலியை 2 மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டரா நகர்த்திக்கலாம். அது ஈர உடைக்கு மேல கட்டுறதுக்காக யோசிச்ச வசதி, நமக்கு மே மாசத்துல பயன்படுது. என் வீட்டுல இந்த வளையம் இட்லி வேகுற நேரத்தைக் காட்டுது, வெளியே போனா பார்க்கிங் டோக்கன் நேரத்தை. குறைன்னு சொன்னா கனம். சட்டைக் கைக்குள்ள நுழையாத பருமன். லேப்டாப் ஸ்பீக்கர், ஐபேட் கவர்ல இருக்கிற காந்தம் பட்டு சுருள்வில் ஒட்டிக்கிட்டா திடீர்னு வேகமா ஓட ஆரம்பிக்கும். இதுக்கு ஒமேகா 15,000 காஸ் காந்தம் தாங்குற வாட்ச்களைக் கொண்டுவந்திருக்கு.

இந்த வசதிகள்ல பெரும்பகுதி சீகோ, சிட்டிசன், ஓரியன்ட் வாட்ச்கள்லயும் இருக்கு. 1996-ல் வந்து 2019 வரைக்கும் ஓடின சீகோ எஸ்.கே.எக்ஸ்.007 ஐ.எஸ்.ஓ. பரீட்சை பாஸான 200 மீட்டர் வாட்ச், விலையோ நடுத்தர வர்க்கத்துக்கு எட்டுற விலை. மீதி லட்சங்கள் எதுக்குன்னா, துல்லியம், பாலிஷ், மெட்டீரியல், அதோட முக்கியமா டயல்ல இருக்கிற பேர். பேருக்குக் காசு கொடுக்கிறது தப்பில்லை. எதுக்குக் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும்.

இப்போ கணக்கு

என் கிளையன்ட் ஒருத்தர், வயசு 32, ஐ.டி. வேலை. மாசம் 30,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டுக்கிட்டிருந்தார். அதை மூணு வருஷம் நிறுத்திட்டு, பர்சனல் லோன் எடுத்து 9 லட்சத்துக்கு ஒரு வாட்ச் வாங்கப் போறேன்னார். "இதுவும் அசெட்தானே சார், கூடவே கட்டிக்கலாம்" என்பது அவர் வாதம்.

சரின்னு பேப்பரை எடுத்தோம். 9 லட்சம், 13 சதவீத வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ. சுமார் 30,300 ரூபாய். மூணு வருஷத்துல கட்டுறது 10.9 லட்சம், அதுல வட்டி மட்டும் 1.9 லட்சம். அதே 30,300-ஐ 36 மாசம் எஸ்.ஐ.பி.யில போட்டு, பிறகு ஒரு பைசா போடாம இன்னும் ஏழு வருஷம் விட்டா, வருஷம் 10 சதவீதம்னு வெச்சுக்கிட்டா (சந்தை இதைக் கேரண்டி பண்ணாது, ஒப்பிடுறதுக்காகச் சொல்றேன்) பத்தாவது வருஷக் கடைசியில 25 லட்சத்துக்கு மேல இருக்கும். அதாவது 9 லட்சத்து வாட்ச் பத்து வருஷத்துல 25 லட்சத்துக்கு விற்கணும், அப்போதான் சமம். நடுவுல ஒரு தடவை முழு சர்வீஸ் வரும், அதுக்கு 80,000-ன்னு வெச்சுக்குங்க. இன்ஷூரன்ஸ், லாக்கர் வாடகை தனி. விற்கும்போது டீலர் எடுத்துக்கிற மார்ஜின் தனி.

'ஆனா விலை ஏறுதே சார்?' ஏறுச்சு, சில மாடல்களுக்கு மட்டும். கொரோனா காலத்துல கையில பணம் இருந்தது, சப்ளை இல்லை. 2022 தொடக்கத்துல செகண்ட் ஹேண்ட் விலை உச்சிக்குப் போச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு வீடியோ போட்டவங்க யாரும் ரெண்டாவது பாகம் போடலை. உச்சியில வாங்கினவங்க அடுத்த ரெண்டு வருஷம் இறக்கத்தைத்தான் பார்த்தாங்க. வெயிட்டிங் லிஸ்ட் இருக்கிற விரல் விட்டு எண்ணக்கூடிய மாடல்களைத் தவிர, பெரும்பாலான லக்ஸரி டைவ் வாட்ச்கள் ஷோரூம் வாசலைத் தாண்டினதும் மதிப்பு இறங்குறவைதான். வாட்ச் வட்டி தராது, டிவிடெண்ட் தராது, வாடகை தராது. அடுத்தவர் கூடக் கொடுப்பார்ங்கிற நம்பிக்கை ஒண்ணுதான் அதோட வருமானம்.

கிளையன்ட் இப்போ எஸ்.ஐ.பி.யை நிறுத்தலை. வருஷா வருஷம் வர்ற போனஸ்ல ஒரு பங்கை தனி ரெக்கரிங் டெபாசிட்ல போடுறார், பேர் 'வாட்ச்'. நான் வாங்காதீங்கன்னு சொல்லவே இல்லை. கடன்ல வாங்காதீங்க, முதலீடுன்னு சொல்லிக்கிட்டு வாங்காதீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்.

வாங்கினா, வித்தா, வரி என்ன?

10 லட்சத்துக்கு மேல விலை இருக்கிற கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் கடைக்காரர் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிக்கணும். இது கூடுதல் வரி இல்லை, உங்க பான் எண்ணுல வரவாகும், ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, உங்க செலவு டிபார்ட்மென்ட்டுக்குத் தெரிஞ்சுடும். வருமானம் 6 லட்சம்னு காட்டி 12 லட்சத்துக்கு வாட்ச் வாங்கினா கேள்வி வரும், பதிலைத் தயாரா வெச்சுக்குங்க.

'கம்பெனி பேர்ல வாங்கிடலாமா?' பிசினஸ் பண்ற நண்பர்கள் எல்லாரும் கேக்குறது இது. சொந்த உபயோகத்துக்கான பொருளுக்கு ஜி.எஸ்.டி. இன்புட் கிரெடிட் கிடையாது, செலவாவும் கழிக்க முடியாது. டைரக்டர் கையில கட்டியிருந்தா அது அவருக்கு பெர்க்விசிட், அதுக்கும் வரி. மீட்டிங்குக்கு சரியான நேரத்துக்குப் போகத்தான் வாங்கினேன்னு சொன்னா அசெஸ்ஸிங் ஆபீசர் சிரிக்கக்கூட மாட்டார்.

துபாய், சிங்கப்பூர்ல வாங்கிக் கையில கட்டிக்கிட்டு வந்தா சுங்க வரி இல்லைங்கிறது இன்னொரு நம்பிக்கை. கட்டியிருக்கிறதால அது உங்க பழைய வாட்ச் ஆகிடாது. டூட்டி ஃப்ரீ வரம்பு இதுமாதிரி வாட்ச் விலைக்குப் பக்கத்துலயே வராது. மாறா, இங்கே வாங்கின விலை உயர்ந்த வாட்ச்சோட வெளிநாடு போறவங்க, கிளம்பும்போதே ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிட்டுப் போங்க. திரும்பி வரும்போது வாக்குவாதம் மிச்சம்.

விற்கும்போதுதான் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தி. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற அசையும் பொருள் மூலதனச் சொத்து ஆகாது. நீங்க கட்டிக்கிட்டிருந்த ஸ்டீல் வாட்ச் லாபத்துக்கு வித்தாலும் கேபிடல் கெயின்ஸ் கிடையாது. ஆனா நகை இந்த விலக்குல வராது. தங்கத்துல செஞ்சதோ வைரம் பதிச்சதோ நகைதானேன்னு டிபார்ட்மென்ட் வாதாட இடம் இருக்கு. அதே மாதிரி, வருஷத்துக்கு அஞ்சாறு வாட்ச் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம வாங்கி விக்கிறவர் சொந்த உபயோகம்னு சொல்ல முடியாது. அது வியாபாரம், லாபம் பிசினஸ் வருமானம். விலை ஏறும்னு லாக்கர்ல வெச்சவருக்கும் இதே சிக்கல்தான்: கட்டவே இல்லாத பொருளை எப்படி சொந்த உபயோகம்னு நிரூபிப்பீங்க? முதலீடுன்னு சொன்னா வரி விலக்கு போயிடும், உபயோகம்னு சொன்னா கீறல் விழுந்து விலை போயிடும்.

கடைசியா ஒண்ணு, இதுல நிறைய பேர் மாட்டுறாங்க. பழைய வாட்ச் வாங்குறவர் "சார், கேஷா கொடுத்துடறேன்"னு வருவார். ஒரே பரிவர்த்தனையில 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. மீறினா அபராதம் வாங்கின முழுத் தொகைக்குச் சமம், அதுவும் பணம் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கிக்கிட்ட உங்களுக்கு. இன்னிக்கு ஒன்றரை, நாளைக்கு ஒன்றரைன்னு பிரிச்சு வாங்கினாலும் பரிவர்த்தனை ஒண்ணுதான். பேங்க் டிரான்ஸ்ஃபர் வாங்குங்க, சீரியல் நம்பர் போட்டு ஒரு விற்பனை ரசீது எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க, ஒரிஜினல் பில்லை ஸ்கேன் பண்ணி வெச்சுக்கிட்டு பிறகு பெட்டியோட கொடுங்க.